பதினோரு மணி வெளிச்சம்

என் வேலை வண்டி ஓட்டுவது. யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன். "என்ன வண்டி?" என்று அடுத்த கேள்வி வரும். "கண்ணுக்குத் தெரியாத வண்டி" என்பேன். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். விடாதவர்களுக்கு விளக்கும் பொறுமை எனக்குக் கிடையாது.

பொறுமை இல்லாதது வாய்க்குத்தான். கைக்கு நிறையவே உண்டு. பன்னிரண்டு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, எறும்பு முட்டை அளவு திருகுகளைப் பூட்டிக்கொண்டிருந்தவள் நான். நரம்பு ஆராய்ச்சி செய்யும் மேடம் ஒரு நாள் உடைந்த கண்ணாடியோடு கடைக்கு வந்தார். நான் திருகு போடுவதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, "உங்க கை நடுங்கவே நடுங்காதா?" என்றார். "கோபம் வந்தா நடுங்கும்" என்றேன். மறு வாரம் அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். அங்கே எல்லோரும் என்னை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் ஓட்டுவது ஒரு ரோபோவை. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இருக்காது. அதற்குப் பொடிசு என்று பெயர் வைத்தோம். உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டில் உயிருள்ள நரம்பு செல்கள் இருக்கும். அதே நீரில் பொடிசும் மிதக்கும். தட்டைச் சுற்றி நான்கு காந்தச் சுருள்கள். நான் ஜாய்ஸ்டிக்கைத் திருப்பினால் காந்தம் இழுக்கும், பொடிசு நகரும். போக வேண்டிய செல்லின் பக்கத்தில் போய் நிறுத்திவிட்டு, காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலேயிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இறங்கும். பொடிசின் முதுகில் உள்ள பூச்சு அதை வாங்கி நீல வெளிச்சமாக உமிழும். நீலம் பட்டால் துடிக்கும்படி அந்தச் செல்களை மேடம் மாற்றி வளர்த்திருந்தார். துடித்தால் தட்டின் அடியில் இருக்கும் மெல்லிய கம்பிகளுக்குத் தெரியும், திரையில் கோடு எழும்பும்.

"எதுக்கு இவ்வளவு பாடு?" என்று முதல் நாளே கேட்டேன்.

"கரண்ட் குடுத்து நரம்பை எழுப்பறது இருக்கே, ஒருத்தனை எழுப்பத் தெருவுக்கே மைக் வைக்கிற மாதிரி" என்றார் மேடம். "நம்ம பொடிசு அவனோட ஜன்னல்கிட்ட போய் அவன் பேரை மட்டும் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரன் தூங்கிக்கிட்டே இருப்பான்."

அப்படிப்பட்ட செல்களுக்கு வெளிச்சம் ஆகாது. அதிலும் இவை கொஞ்சம் பட்டாலே துடித்துவிடும் ரகம். அதனால் வேலை முழுவதும் இருட்டறையில்தான். ஒரே ஒரு சிவப்பு விளக்கு. சிவப்பு அவற்றை ஒன்றும் செய்யாது. திரைக்கும் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தோம். மைக்ரோஸ்கோப்பைச் சுற்றிக் கறுப்புத் துணி. அதற்குள் தலையையும் தோளையும் நுழைத்துக்கொண்டுதான் நான் ஓட்டுவேன். கதவுக்கு வெளியே ஒரு பெட்டி உண்டு. செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அது சட்டம்.

அந்தச் சட்டத்தை நான் மீறினேன். காரணம் என் தம்பி.

அம்மா அப்பா போன பிறகு வீட்டில் நானும் அவனும்தான். அவன் எலக்ட்ரீஷியன். ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டவன், சொந்த வீட்டு வாசல் பல்பை மாற்றும்போது ஏணியிலிருந்து விழுந்தான். வலது முழங்கை நொறுங்கி, நரம்பு நசுங்கிப்போனது. விரல்கள் ஐந்தும் தொங்கிவிட்டன. நரம்பு அறுந்துபோகவில்லை, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டராவது வளரும், எட்டு மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். "அதுக்குள்ள விரல் தானா அசையலைன்னா, அப்புறம் அசையும்னு காத்திருக்க வேண்டாம்" என்றும் சொன்னார். எட்டு என்ற எண் அன்றிலிருந்து எனக்கு ஆகாது.

ஆறாவது மாதத்தில் பிசியோதெரபி செய்ய வரும் பெண் ஒரு யோசனை சொன்னாள். பழைய பட்டன் போன் ஒன்றை மேஜைமேல் வைத்துவிடுவது. இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் எனக்கு அழைப்பு வரும். தினமும் வலது ஆள்காட்டி விரலால் ஒரு முறை அழுத்தப் பார்க்க வேண்டும். நான் எடுக்க வேண்டாம். மணி அடித்தால் விரல் அசைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, நான் இருட்டறைக்கு வெளியே இருந்த நேரம், அது அடித்தது. நான் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். சாயங்காலம் கேக் வாங்கிக்கொண்டு ஓடினேன். "இப்ப காட்டுடா" என்றால், "காலைலதான் வருது, சாயங்காலம் சோர்ந்துடுதுக்கா" என்றான். சரி, நரம்புக்கும் நேரம் காலம் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் பதினோரு மணிக்கு அடித்தது. அதற்கடுத்த நாளும். அந்த அழைப்பைப் பெட்டிக்குள் அநாதையாக அலறவிட எனக்கு மனசு வரவில்லை. சத்தத்தை நிறுத்தி, அதிர மட்டும் வைத்து, வெள்ளைக் கோட்டின் மேல் பையில் போட்டுக்கொண்டு இருட்டறைக்குள் போனேன். கோட்டுத் துணி மூடியிருக்கிறதே, என்ன வெளிச்சம் வந்துவிடப்போகிறது என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் பொடிசு ஜெயித்தது.

அதற்கு முன் ஒரு வருடம் அது ஒரு செல்லைக்கூட எழுப்பியதில்லை. அன்று நான் பத்தரைக்கு ஓட்ட ஆரம்பித்து, பத்தே முக்காலுக்கு நிறுத்தி, பெடலை மிதித்தேன். ஒன்றும் இல்லை. மிதித்தபடியே இருந்தேன். பதினோரு மணிக்கு நெஞ்சில் போன் அதிர்ந்தது, அதே நொடி திரைக்கு முன் இருந்த மேடம் "ஐயோ!" என்று கத்தினார். தட்டு முழுக்கத் துடித்திருக்கிறது. மறுநாளும் அப்படியே. மூன்று வாரம் ஒரு நாள் தவறவில்லை. பெடலை மிதித்தால் ஏன் கால் மணி நேரம் தாமதமாகிறது என்று மேடம் மண்டையைக் குடைந்து, வெளிச்சத்துக்குச் செல்கள் தயாராக அவ்வளவு நேரம் வேண்டும் என்று கண்டுபிடித்தார். அதற்குப் 'பழகும் நேரம்' என்று பெயரும் சூட்டி, பதினான்கு பக்கம் எழுதினார்.

எனக்கு மட்டும் இரட்டைச் சந்தோஷம். அங்கே தம்பியின் விரல் எழுந்தது, இங்கே செல் எழுந்தது. நல்ல செய்திகள் ஒரே நேரத்தில் வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? வருகிற திங்கட்கிழமை ஒரு குழு வரப்போவதாக மேடம் சொன்னார். அவர்களுக்குத் திருப்தியானால், அடுத்த வருடம் கை நரம்பு கெட்டுப்போனவர்களிடமே முயற்சி செய்து பார்க்கலாம். அந்தப் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று மனசுக்குள் எழுதிவிட்டேன். ஒரு விரலைத் தானாகக் கொண்டுவந்தவன், மீதி நான்கைப் பொடிசை வைத்துக் கொண்டுவரட்டுமே.

வியாழக்கிழமை பொடிசு மாட்டிக்கொண்டது. தட்டின் ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழி. அதற்கடியில் போய் ஒட்டிக்கொண்டு, காந்தத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அசைவதில்லை. செல்கள் இருப்பதோ தட்டின் நடுவில். நான் பெடலில் காலே வைக்கவில்லை. பொடிசைத் திட்டியபடி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெஞ்சில் போன் அதிர்ந்தது.

"வந்துடுச்சு!" என்றார் மேடம், வெளியே திரையிலிருந்து. "இன்னிக்கும் கரெக்டா வந்துடுச்சு, டிரைவரம்மா!"

நான் குனிந்து பார்த்தேன். என் கோட்டுப் பை உள்ளிருந்து வெளுத்துத் தெரிந்தது. தேய்ந்துபோன பருத்தித் துணி. அதைத் தாண்டி, ஏணிமேல் நின்று பல்லைக் காட்டும் தம்பியின் படம்கூட மங்கலாகத் தெரிந்தது. அந்த வெளிச்சம் ஒரு சாண் தள்ளியிருந்த தட்டின்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. அழைப்பு நின்றது. பை இருண்டது. திரையிலும் கோடுகள் அடங்கின என்று மேடம் சொன்னார்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மேடம் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினார். நானும் ஒன்று எடுத்து மென்றேன். சொன்னால் ஒரு வருட வேலை போகும். திங்கட்கிழமை போகும். தம்பியின் நான்கு விரல்கள் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது, நான் தினமும் பதினோரு மணிக்குப் பையோடு குனிந்து நின்றால் போதும். அப்படி ஒரு கணக்கு என் மண்டைக்குள் ஓடியதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் வீட்டில் தம்பிக்கு நகம் வெட்ட உட்கார்ந்தேன். வலது கை நகத்தை அவனே இடது கையால் வெட்டிக்கொள்வான். இடது கை நகத்தை வெட்டத்தான் அவனுக்கு ஆள் வேண்டும். அடிபட்ட கைக்கு உதவி வேண்டாம், நல்ல கைக்குத்தான் வேண்டும் என்று அவனே கிண்டல் செய்வான். நான் அவன் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு சுண்டு விரலில் ஆரம்பித்தேன்.

"டேய், ஒரு விஷயம் சொல்லணும். திட்டக்கூடாது."

"நீ திட்டாம இருந்தா போதும். சொல்லு."

மோதிர விரல் முடிவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே ஒரு தெம்பு வந்தது.

"பொடிசு ஒண்ணுமே பண்ணலடா. எல்லாம் நீ பண்ணினது. உன் நரம்பு உன் விரலை அசைச்சு, விரல் பட்டனை அழுத்தி, என் போன் எரிஞ்சு, அங்க தட்டுல இருந்த நரம்பு துடிச்சிருக்கு. இங்கயிருந்து அங்க எழுப்பியிருக்கே! யாருக்குடா இது வரும்?"

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நடுவிரலையும் முடித்து ஆள்காட்டி விரலைப் பிடித்தேன். மெதுவாக இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"அக்கா. இந்த விரல்தான்."

"என்ன இந்த விரல்?"

"உனக்குப் போன் பண்ணினது. நீ பிடிச்சிருக்கியே, இதுதான்."

நான் நகவெட்டியைக் கீழே வைத்தேன். எழுந்து சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் மறுபடி கழுவினேன். கை நடுங்கியது. ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. மூன்று வாரம் தினமும் நெஞ்சில் வாங்கிக்கொண்ட அந்த அதிர்வு முழுக்கப் பொய். டாக்டர் சொன்ன அந்த எட்டாவது மாதம் பிறக்க இன்னும் ஒன்பது நாள். அந்த விரல் ஒரு தடவைகூட அசைந்ததில்லை.

"அக்கா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "ரெண்டு விரல் பாக்கியிருக்கு. திட்டறதா இருந்தா வெட்டிக்கிட்டே திட்டு."

போய் உட்கார்ந்தேன். அவன் விரலைப் பிடித்தேன்.

"ஏண்டா?"

"முதல் நாள் பிசியோ பொண்ணு என் விரல்மேல அவ விரலை வச்சு அழுத்தினா. இப்படித்தான் பண்ணணும்னு காட்டறதுக்கு. உனக்குப் போன் அடிச்சிடுச்சு. சாயங்காலம் நீ கேக்கோட வந்து நிக்கறே. ஆறு மாசத்துல நீ சிரிச்சு அன்னிக்குத்தான் பார்த்தேன். நான் எந்த வாயால இல்லைன்னு சொல்றது?"

"அடுத்த நாள்?"

"அடுத்த நாள் நிஜமாவே ட்ரை பண்ணினேன். வரல. மணி பதினொண்ணு ஆகுது, நீ அங்க காத்துக்கிட்டு இருப்பே. இடது கையால அழுத்திட்டேன். அதுக்கப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு."

"வலது கையால அப்புறம் ட்ரை பண்ணவே இல்லையா?"

அவன் தன் வலது கையைப் பார்த்தான்.

"பயமா இருந்துச்சுக்கா. ட்ரை பண்ணாத வரைக்கும் வராதுன்னு தெரியாதில்ல."

இப்போது அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நானும் அன்று முழுக்க அதே பயத்தில்தான் பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தேன். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது இதில்தானா தெரிய வேண்டும்? அவன் விரலை வெட்டினேன், கட்டைவிரலை வெட்டினேன். பிறகு செத்தது போல் கிடந்த அந்த வலது கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதில் வெட்ட ஒன்றுமில்லை, சும்மா வைத்துக்கொண்டேன்.

"நாளைக்கு மேடம்கிட்ட சொல்லப்போறேன்" என்றேன். "நாளையிலேர்ந்து என் போன் வெளிப் பெட்டியிலதான் இருக்கும். நீ பண்ணினாலும் எனக்குத் தெரியாது, பண்ணலைன்னாலும் தெரியாது. உனக்காகக் காத்துக்கிட்டு நிக்க மாட்டேன். கேக்கும் கிடையாது. உன் இஷ்டம்."

அவன் தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை மேடத்திடம் சொன்னேன். நின்றபடியே, நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். அவர் எழுதி வைத்திருந்த பதினான்கு பக்கத்தைப் பார்த்தார், என் கோட்டுப் பையைப் பார்த்தார். எழுந்து வெளியே போய்விட்டார். வேலை போயிற்று என்று என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"உங்க மேல கோபம் இருக்கு. அது ஒரு வாரத்துக்கு இருக்கும்" என்றார். "ஆனா என் மேலதான் அதிகம். பொடிசு ஒருத்தனைத் தட்டி எழுப்பினா ஒருத்தன்தானே எழுந்திருக்கணும்? தெருவே எழுந்துச்சு. நான்தானே அந்தக் கதையை ஊருக்கெல்லாம் சொன்னேன், எனக்கே உறைக்கல. இதுல பழகும் நேரமாம், பதினாலு பக்கமாம்!" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழுவுக்குப் போன் செய்து, "திங்கட்கிழமை வாங்க, காட்டறதுக்கு ஒரு தப்பு மட்டும்தான் இருக்கு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "டப்பாவை எங்க எடுத்துக்கிட்டுப் போறீங்க? வண்டியை எடுங்க."

போனைப் பெட்டியில் போட்டேன். மேடம் என் பைகளைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

புதுத் தட்டு. பத்தரைக்கு ஓட்ட ஆரம்பித்தேன். பத்தே முக்காலுக்கு வழக்கமான இடத்தில் நிறுத்தி மிதித்தேன். ஒன்றும் இல்லை. பதினொன்று ஆனது, பதினொன்று தாண்டியது. என் கோட்டுப் பை காலியாக, லேசாக இருந்தது. அங்கே மேஜைமுன் அவன் உட்கார்ந்திருப்பானா, டிவி பார்த்துக்கொண்டிருப்பானா என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் தள்ளிவிட்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தேன்.

"வழக்கமா நிறுத்தற இடம் ரொம்பத் தூரம் மேடம்" என்றேன். "ஜன்னல்கிட்டன்னு சொன்னீங்க. நாம இடிச்சிடுமோன்னு பயந்து தெருமுனையில நின்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கோம். தினமும் பதில் வந்ததால கிட்ட போய்ப் பார்க்கவே இல்ல."

"இடிச்சா செல் செத்துடும்."

"இடிக்க மாட்டேன்."

ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்தேன். கூட்டத்தின் ஓரமாக, மற்றவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது. பொடிசைத் தள்ளினால் நகரும், நீரோட்டம் அதைத் திருப்பிக் கொண்டுபோகும். மறுபடி தள்ளுவேன். கழுத்து வலித்தது. திருகு போடும் காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வேனே, அதே மாதிரி பிடித்துக்கொண்டேன். எத்தனை நேரம் என்று தெரியாது. கடைசியில் பொடிசு அந்தச் செல்லின் பக்கத்தில், ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது. மிதித்தேன்.

ஒன்றும் இல்லை. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தேன். மூன்றாவது முறையும் மிதித்தேன்.

"ஒண்ணு" என்றார் மேடம், மெதுவாக. "ஒரே ஒரு கோடு. இன்னொரு தடவை."

நான்காவது முறை இல்லை. ஐந்தாவது முறை வந்தது. பத்து முறை மிதித்ததில் மூன்று முறை. தட்டில் மற்ற எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தன் மட்டும் எழுந்து எழுந்து பார்த்தான். மேடம் துணிக்குள் கையை விட்டு என் தோளை அழுத்தினார். கத்தவில்லை.

வெளியே வந்தபோது மணி ஒன்றரை. கண் கூசியது. பெட்டியைத் திறந்து போனை எடுத்தேன். பார்க்காமலே பையில் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பார்த்தேன்.

தவறிய அழைப்பு ஒன்று. நேரம், பன்னிரண்டு ஐம்பத்து மூன்று.

பதினொன்று இல்லை. இடது கை என்றால் பதினொன்றுக்கே வந்திருக்கும். அந்த நடைபாதையில், போகிற வருகிறவர்கள் பார்க்க, நான் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். பிறகு அவனைக் கூப்பிட்டேன். எடுத்தான்.

"எத்தனை மணிக்குடா உட்கார்ந்தே?"

"பதினொண்ணுக்குதான்." குரல் ஓட்டப்பந்தயம் ஓடியவன் குரல்போல இருந்தது. "முதல்ல ஒண்ணும் இல்லக்கா. அப்புறம் ஒரு மாதிரி சுருக்குனு இருந்துச்சு. நீதான் பார்க்க மாட்டேன்னு சொல்லிட்டியே, வரலைன்னா போகுதுன்னு உட்கார்ந்துட்டேன். சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு."

"சாப்பிட்டியா?"

"இனிமேதான். சரி, வைக்கறேன். நீ வைக்காதே. கட் பண்றதையும் அதே விரலால பண்ணிப் பார்க்கறேன். கொஞ்சம் நேரம் ஆகும்."

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஆகட்டும்" என்றேன்.

மேஜைமேல் போனை வைக்கும் சத்தம் கேட்டது. அதன்பின் அவன் மூச்சு மட்டும். உள்ளேயிருந்து மேடம் சாப்பிடக் கூப்பிட்டார். நான் வரவில்லை என்று கையைக் காட்டிவிட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.